பெண் பார்க்க வந்தவர்கள் என்னைத் தாத்தா என்று நினைத்துவிட்டார்கள். முகம் மட்டும் ஏன் முந்திக்கொண்டு கிழடாகிறது?

வலதுபக்க_வெயில்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 46 வயது. சங்ககிரி பக்கம். 23 வருடமாக லாரி ஓட்டுகிறேன், அதில் 17 வருடம் நேஷனல் பர்மிட் வண்டி. பெரும்பாலும் நாக்பூர் லைன். நான் சொல்லச் சொல்ல இதை டைப் அடிப்பது என் சின்ன மகள், நர்சிங் இரண்டாம் வருடம். பிழை இருந்தால் அவளைத் திட்டுங்கள்.

போன மாதம் பெரிய மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். திண்ணையில் நானும் என் அண்ணனும் உட்கார்ந்திருந்தோம். அண்ணனுக்கு 52. நூல் மில்லில் கணக்கு எழுதுகிறார். காலையில் உள்ளே போனால் இருட்டின பிறகுதான் வெளியே வருவார். மாப்பிள்ளையின் தாய்மாமன் வண்டியை விட்டு இறங்கி நேராக அண்ணனிடம் போய், "பொண்ணோட அப்பா நீங்கதானுங்களா?" என்று கைகூப்பினார். அப்புறம் என்னைப் பார்த்து, "தாத்தாவை உள்ளே ஃபேனுக்கு அடியில உட்கார வைக்கலாமுங்களே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே போய் அரை சொம்புத் தண்ணீர் குடித்தேன்.

அன்று ராத்திரி இவள்தான் போனில் எதையோ பார்த்துவிட்டு, "அப்பா, வயசுக்கு மேல முகம் முத்திப்போய் இருக்கிறவங்க சீக்கிரம் போயிருவாங்களாம், டென்மார்க்கில் கண்டுபிடிச்சிருக்காங்க, இப்ப கம்ப்யூட்டரே போட்டோவைப் பார்த்துச் சொல்லிருதாம்" என்று வாசித்தாள். (நான் விளையாட்டாகத்தான் சொன்னேன். மகள்.) விளையாட்டோ என்னமோ, எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் விடியற்காலை லோடு ஏற்ற வேண்டும்.

அதற்குப் பிறகு கண்ணாடியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். வலது கன்னம் கறுத்து, தடித்து, எலுமிச்சம்பழத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருக்கிறது. கண் ஓரத்தில் வலது பக்கம் ஏழு கோடு, இடது பக்கம் மூன்று. வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வேறு ஆளுடைய கை மாதிரி இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் புரிகிறது. நாங்கள் வடக்கே போகும்போது காலை வெயில் வலது பக்கம். தெற்கே திரும்பும்போது சாயங்கால வெயிலும் வலது பக்கம். மீதி நேரத்து வெயில் கிளீனர் பக்கம் விழும், அது என்னிடம் வராது. 2016 மாடல் வண்டி, ஏசி கிடையாது. கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்ட முடியும்.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், பீடி உண்டு. முன்பு ஒரு நாளைக்கு ஒரு கட்டு. இப்போது அரைக் கட்டு.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மருந்துக் கடையில் முகக் கறுப்புக்கு என்று கேட்டு ஒரு டியூப் வாங்கினேன். முதல் வாரம் பளிச்சென்று இருந்தது. இப்போது வெயில் பட்டாலே எரிகிறது, சின்னச் சின்னப் பருவும் வருகிறது.

நான் கேட்பது இதுதான்: அந்த டென்மார்க் சமாசாரம் நிஜமா? வெயில் இப்படி ஒரு பக்கத்தை மட்டும் தின்னுமா? இனிமேல் ஏதாவது செய்து பலன் உண்டா?


தார்ப்பாய்_தலைவர்:

அண்ணே, மீசைக்கு டை அடிங்க. பாதி வயசு அங்கேதான் இருக்கு. மீதி பாதியை அந்தத் தாய்மாமன் கண்ணாடிக் கடையில் சரிபண்ணிக்கட்டும்.


பெட்ரித்தட்டு:

அண்ணா, நான் மருத்துவர் இல்லை. டாக்டர் பட்டம் வாங்கினவள், ஊசி போடத் தெரியாது. ஆறு வருடமாகத் தோல் செல்களை வளர்த்துப் பார்க்கிற ஆய்வகத்தில் வேலை. அதனால் சிகிச்சையை விட்டுவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

உங்கள் மகள் வாசித்தது இரண்டு ஆய்வுகளை ஒன்றாகப் பிசைந்த செய்தி. டென்மார்க் ஆய்வு நிஜம்தான். கோரே கிறிஸ்டென்சென் என்பவரின் குழு, 2009ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டது. இரட்டையராகப் பிறந்து 70 வயதைத் தொட்ட 1,826 பேரை 2001ல் படம் எடுத்தார்கள். அந்தப் படங்களை முதியோரைக் கவனிக்கும் நர்சுகள் 20 பேர், ஆசிரியர் பயிற்சியில் இருந்த இளைஞர்கள் 10 பேர், வயதான பெண்கள் 11 பேர் என்று மூன்று கூட்டத்தாரிடம் காட்டி, "இவருக்கு என்ன வயது இருக்கும்?" என்று கேட்டார்கள். 2008 ஜனவரி வரை காத்திருந்து பார்த்தால் 675 பேர் இறந்திருந்தார்கள். ஒரே ஜோடியில் யார் முகம் அதிக வயதாகத் தெரிந்ததோ, அவர் முதலில் இறக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. இருவருக்கும் தெரிந்த வயது வித்தியாசம் கூடக்கூட அந்த வாய்ப்பும் கூடியது. நர்ஸ் பார்த்தாலும் பையன்கள் பார்த்தாலும் முடிவு ஏறக்குறைய ஒன்றுதான்.

இதை வைத்து நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. அவர்கள் எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். அந்த வயதில் ஒருவர் முகம் வாடியிருந்தால் அதற்குள் இதயம், நுரையீரல், சாப்பாடு, கவலை எல்லாம் கலந்திருக்கும். உங்கள் முகத்தில் கூடுதலாகத் தெரிகிற பத்து வருடத்தில் நாக்பூர் ரோட்டு வெயில் எவ்வளவு, பீடி எவ்வளவு, உடம்புக்குள் இருப்பது எவ்வளவு என்று ஒரு போட்டோ பிரித்துச் சொல்லாது. வெயிலின் பங்கு கன்னத்தோடு நின்றுவிடும், நெஞ்சுக்குள் இறங்காது. பீடியின் பங்கு அப்படியில்லை. இன்னொன்று, டென்மார்க்கில் நிறைய பேர் ஊகித்ததன் சராசரியைத்தான் ஒருவரின் 'தோற்ற வயது' என்று எடுத்துக்கொண்டார்கள். திண்ணையில் ஒரே ஒரு தாய்மாமன் சொன்னது கணக்கில் சேராது.

கம்ப்யூட்டர் விஷயம் வேறு. பாஸ்டனில் மாஸ் ஜெனரல் பிரிகாம் குழு 'ஃபேஸ்ஏஜ்' என்ற நிரலை 2025ல் லான்செட் டிஜிட்டல் ஹெல்த் இதழில் வெளியிட்டது. ஆரோக்கியமானவர்கள் என்று கருதப்பட்ட 58,000க்கும் மேற்பட்டவர்களின் படங்களில் அதைப் பழக்கி, 6,000க்கும் மேற்பட்ட புற்றுநோயாளிகளின் படங்களைக் காட்டினார்கள். நோயாளிகள் சராசரியாக ஐந்து வயது கூடுதலாகத் தெரிந்தார்கள். படுக்கையில் இருக்கும் நோயாளிக்கு எவ்வளவு கடுமையான சிகிச்சை தாங்கும் என்று மருத்துவர் முடிவெடுக்க உதவும் கருவி அது. நல்ல உடம்போடு லாரி ஓட்டுகிறவருக்கு ஜாதகம் கணிக்க வந்ததில்லை. செய்தி எழுதுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடுகிறார்கள், எனக்கு அதில்தான் எரிச்சல்.

இனி உங்கள் வலது கன்னம். அண்ணா, உங்கள் கன்னத்துக்கு ஒரு பிரபலமான சொந்தக்காரர் அமெரிக்காவில் இருக்கிறார். 2012ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு முகத்தின் படம் வந்தது. 69 வயது, 28 வருடம் சரக்கு வண்டி ஓட்டியவர். முகத்தின் இடது பாதி மட்டும் தடித்து, பள்ளம் பள்ளமாகச் சுருங்கித் தொங்கும். வலது பாதி அவருடைய தம்பி முகம் மாதிரி இருக்கும். அங்கே டிரைவர் சீட் இடது பக்கம் என்பதால் இடது. எங்கள் வகுப்புகளில் அந்தப் படத்தைக் காட்டாதவர்களே கிடையாது. ஒரே ஆள், ஒரே மரபணு, ஒரே சாப்பாடு, ஒரே கவலை. இரண்டு கன்னத்துக்கும் வித்தியாசம் ஜன்னல் மட்டும்தான். ஆயிரம் பேரை வைத்து நடத்தும் ஆய்வுகூட இவ்வளவு சுத்தமாக வராது.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டினாலும் பெரிதாகத் தப்பித்திருக்க மாட்டார். புற ஊதாக் கதிரில் யுவிபி என்பது தோலைச் சுடுகிற ரகம், கண்ணாடி அதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். யுவிஏ அப்படியில்லை. முன் கண்ணாடியில் இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் இருப்பதால் அங்கே யுவிஏ பெரும்பாலும் நின்றுவிடும். பக்கக் கண்ணாடியில் அந்தப் படலம் இருக்காது, கணிசமாக உள்ளே வரும், சுடாது, அதனால் நமக்குத் தெரியவும் தெரியாது. நீங்கள் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுவதால் இரண்டும் சேர்ந்தே கிடைக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் நம் நாட்டில் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம். டிரைவர்களுக்கு நல்லதுதான். ஆனால் ஏசி போட்டுக் கண்ணாடி ஏற்றியிருக்கிறோம், வெயில் படவில்லை என்று நினைத்துவிடக் கூடாது.

கதிர் உள்ளே போய் என்ன செய்கிறது என்பதை உங்கள் பாஷையில் சொல்கிறேன். தார்ப்பாயை இழுத்துக் கட்டுகிற கயிறு மாதிரி தோலுக்கு அடியில் கொலாஜன் என்ற புரத நார். புற ஊதாக் கதிர் பட்டதும் செல்கள் அந்தக் கயிற்றை அறுக்கிற நொதிகளைச் சுரக்கும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஃபிஷர், வூர்ஹீஸ் குழு 1990களில் இதைக் காட்டியது. தோல் சிவக்கக்கூடத் தேவையில்லை, அதற்குக் குறைவான அளவிலேயே சில மணி நேரத்தில் நொதி கூடிவிடுகிறது. அறுந்த இடத்தை உடம்பு முடிச்சுப் போட்டுச் சரிசெய்யும். ஆனால் முடிச்சு முடிச்சுதானே, புதுக் கயிறு ஆகாது. 17 வருடம் தினம் ஒரு புரி அறுந்து தினம் ஒரு முடிச்சு விழுந்தால் அந்தக் கயிறு எப்படி இருக்கும் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

மீசை டை சொன்னவரைக் கிண்டல் செய்யாதீர்கள். டென்மார்க் இரட்டைச் சகோதரிகளையும் இங்கிலாந்துப் பெண்களையும் வைத்து 2009ல் வந்த ஆய்வில், வயதைக் கூட்டிக் காட்டுவது எது என்று பார்த்தபோது சுருக்கம், நரை, உதட்டின் தடிமன் மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. பெண்கள் மட்டும்தான் அந்த ஆய்வில். மீசையை யாரும் அளக்கவில்லை.


மருந்துச்சீட்டு:

அண்ணா, நான் பார்மசிஸ்ட். அந்த டியூபைப் பற்றி யாரும் பேசவில்லை, அதைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

முதல் வாரம் பளிச், இரண்டாம் மாதம் எரிச்சலும் பருவும். இந்தக் கதையை வாரத்துக்கு நாலு பேரிடம் கேட்கிறேன். டியூபின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ஸ்டீராய்டு. தோலை மெலிய வைக்கும். வருடக்கணக்கில் பூசினால் சின்ன ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், முகத்தில் முடி வளரும். இந்த மாதிரி கிரீம்களைச் சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாது என்று 2018ல் அரசு விதியை இறுக்கியது. சில கடைகளில் இன்னும் சிவப்பழகு கிரீம் மாதிரி எடுத்துக் கொடுக்கிறார்கள். என் தொழில் ஆட்கள் மேலேயே எனக்குக் கோபம் வருகிற இடம் இது.

நீங்களாகப் பட்டென்று நிறுத்தினாலும் சிலருக்கு முகம் சிவந்து வீங்கி அதிகமாகும். டியூபைக் கையில் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரைப் பாருங்கள். எதை எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்வார். "பேர் தெரியாது, வெள்ளை டியூப்" என்று மட்டும் போய்ச் சொல்லாதீர்கள்.

இன்னொரு விஷயம். நெற்றி ஓரம், கன்னப் பொட்டு, பின்கழுத்து, அக்குள், இங்கெல்லாம் வெல்வெட் துணி மாதிரி தடித்துக் கறுத்திருக்கிறதா? அக்குளில் வெயில் படாது. அங்கேயும் கறுத்திருந்தால் அது வெயில் இல்லை. அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துக் குளிக்கிறவர்கள் நம் ஊரில் ஏராளம். அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததற்கு அடையாளமாக இருக்கலாம். வெறும் வயிற்றில் ஒரு சர்க்கரை டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.


ஸ்காபரோ_லொறி:

வணக்கம் அண்ணை. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, கனடாவில் 19 வருடமாகப் பெரிய லொறி ஓட்டுகிறேன். உங்கள் பதிவை வாசித்துவிட்டு எழும்பிப் போய்க் கண்ணாடி பார்த்தேன். எனக்கு இடது பக்கம்! இஞ்சை சாரதி இருக்கை இடப் பக்கம்தானே. இவ்வளவு நாளும் நான் இடப் பக்கம் சரிஞ்சு படுக்கிறதால் வந்த கறுப்பு எண்டு மனிசி சொல்லிக்கொண்டிருந்தா.

குளிர் நாடு எண்டபடியால் வெயில் ஒண்டும் செய்யாது எண்டுதான் நானும் நினைச்சிருந்தன். மாசி மாதத்தில் ரோட்டுக்கரை முழுக்க வெள்ளைப் பனி, அதில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சத்துக்குக் கண் கூசும். யன்னலை ஒரு நாளும் இறக்கியதில்லை. யுவிஏ யன்னலுக்குள்ளால வரும் எண்டு இண்டைக்குத்தான் அறிஞ்சன். தங்கச்சி பெட்ரித்தட்டுக்கு நன்றி.


பாலிசி_மாமா:

தம்பி, இன்சூரன்ஸ் பாலிசி பிடித்துக் கொடுக்கிற தொழிலில் எனக்கு 26 வருடம் ஆகிறது. விண்ணப்பத்தில் வயது கேட்பார்கள், உயரம், எடை, சர்க்கரை, பிரஷர், அப்பா அம்மா எதில் போனார்கள் என்று கேட்பார்கள். புகை பிடிப்பீர்களா என்று கட்டாயம் கேட்பார்கள். 'ஆளைப் பார்த்தால் எத்தனை வயது மதிக்கலாம்' என்று ஒரு கட்டம் நான் பார்த்ததே இல்லை. பணம் போடுகிறவர்கள் எதைப் பார்க்கிறார்களோ அதை நீங்களும் பாருங்கள். கன்னத்தைக் கன்னத்தோடு விடுங்கள், அரைக் கட்டை விடுங்கள்.


அடுப்படி_கவிதா:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பெட்ரித்தட்டு அக்கா, எங்கள் அம்மா கல்யாண வீடுகளில் விறகடுப்பில் சமைத்தவர். வெயிலில் அதிகம் நின்றதில்லை. ஆனால் சித்தியைவிடப் பத்து வயது மூத்தவர் மாதிரி தெரிகிறார், இரண்டு வயதுதான் வித்தியாசம். புகையும் காரணமாக இருக்குமா?


பெட்ரித்தட்டு:

கவிதா, இருக்கலாம். சீனாவில் விறகு, நிலக்கரி அடுப்பில் சமைக்கும் பெண்களை மற்றவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2015ல் வந்தது. முகத்தில் மடிப்புகள் கூடுதல், புறங்கையில் மெல்லிய சுருக்கங்கள் அதைவிடக் கூடுதல். அதற்கு முன்பே 2010ல் ஜெர்மனியில், ட்யூஸல்டோர்ஃப் ஆராய்ச்சியாளர்கள் 400 பெண்களைப் பார்த்து, போக்குவரத்துப் புகையிலிருக்கும் கரித்துகள் அதிகமான இடத்தில் வாழ்ந்தவர்களுக்கு நெற்றியிலும் கன்னத்திலும் கரும்புள்ளிகள் கூடுதல் என்று எழுதியிருந்தார்கள். லாரி அண்ணாவுக்கும் இது பொருந்தும். முன்னால் போகிற வண்டியின் புகை யாருடைய முகத்தில் அடிக்கிறது?

அண்ணா, இனிமேல் பலன் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, ஆனால் பழைய முகம் திரும்ப வராது. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலம், நாம்பூர் என்று ஒரு சின்ன ஊர். (நம்பியூர் இல்லை, நாம்பூர்.) அங்கே 1992ல் ஆரம்பித்து ஒரு பகுதி மக்களைத் தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொன்னார்கள், இன்னொரு பகுதியினரை அவரவர் வழக்கப்படி விட்டார்கள். 55 வயதுக்குட்பட்ட 903 பேருடைய புறங்கைத் தோலை சிலிக்கோனில் அச்செடுத்து, நாலரை வருடம் கழித்து மறுபடி அச்செடுத்து ஒப்பிட்டார்கள். தினமும் பூசியவர்களுக்குத் தோல் முதிர்ச்சி 24 சதவீதம் குறைவு. அழகு சாதன விளம்பரங்களில் வருகிற சதவீதங்களை நான் நம்புவதில்லை, இதை நம்புகிறேன். யார் பூசுவது, யார் பூசாமல் இருப்பது என்று சீட்டுக் குலுக்கிப் போடுவது போலப் பிரித்துச் செய்தது அது. இத்தனைக்கும் எஸ்பிஎஃப், அதாவது வெயிலைத் தடுக்கும் அளவு, 15தான், பெரிய விலை சரக்கு ஒன்றுமில்லை.

ஒரு எச்சரிக்கை. நாம்பூர்க்காரர்கள் பெரும்பாலும் வெள்ளைத்தோல். நமக்குத் தோலிலேயே ஒரு சன்ஸ்கிரீன் இருக்கிறது. 1979ல் அமெரிக்காவில் அளந்து பார்த்தபோது கறுப்பினத்தவரின் மேல்தோல் எஸ்பிஎஃப் 13 அளவுக்கும் வெள்ளையரின் மேல்தோல் 3 அளவுக்கும் கதிரைத் தடுத்தது. நாம் நடுவில் எங்கேயோ இருக்கிறோம். அதனால்தான் நமக்குச் சுருக்கம் தாமதமாக வரும், கறுப்புத் திட்டு முந்திக்கொள்ளும். அந்தத் திட்டுக்கு யுவி மட்டும் காரணமில்லை, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மாநிறத் தோலைக் கறுக்க வைக்கும். சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது. இரும்பு ஆக்ஸைடு கலந்த, மண் நிறத்தில் இருக்கிற ரகம் தடுக்கும். அல்லது துண்டு! முகத்தில் சுற்றிய பருத்தித் துண்டுக்கும் முழுக்கை சட்டைக்கும் ஈடாக எங்கள் ஆய்வகத்தில் இதுவரை ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

சுருக்கத்தைக் கொஞ்சமாவது பின்வாங்க வைத்ததாக உறுதியாகச் சொல்லக்கூடிய மருந்து டிரெட்டினாயின். பென்சில்வேனியாவில் ஆல்பர்ட் கிளிக்மன் பருவுக்குக் கொண்டுவந்தது. பூசிய பெண்கள் சுருக்கமும் குறைகிறது என்று சொல்லவே, 1986ல் அதையும் ஆய்வாக எழுதினார். (அதே கிளிக்மன் ஹோம்ஸ்பர்க் சிறையில் கைதிகள் மேல் பல வருடம் சோதனை நடத்தியவர். தோல் ஆராய்ச்சியின் வரலாறு முழுக்க அழகான முகம் இல்லை.) ஆனால் அது வெயிலில் எரியவைக்கும், இப்போது உங்கள் தோல் இருக்கிற நிலையில் நீங்களாக வாங்கிப் பூசவே கூடாது. மருந்துச்சீட்டு சொன்னதைச் செய்யுங்கள், மற்றது பிறகு.

பீடிக்கும் ஒரு இரட்டையர் கதை இருக்கிறது. ஒஹையோவில் ட்வின்ஸ்பர்க் என்ற ஊரில் வருடாவருடம் இரட்டையர் திருவிழா நடக்கும். அங்கே ஒரே மாதிரி இருக்கும் 79 ஜோடிகளைப் படம் எடுத்தார்கள். ஒருவர் பிடிப்பவர், மற்றவர் பிடிக்காதவர், அல்லது ஐந்து வருடமாவது அதிகம் பிடித்தவர். யார் என்று தெரியாத நடுவர்களே கண்ணிமைத் தொங்கலையும் உதட்டுக் கோட்டையும் வைத்து வித்தியாசத்தைப் பார்த்துவிட்டார்கள். பாலிசி மாமா சொன்னதை நானும் சொல்கிறேன்.


வலதுபக்க_வெயில்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடுவில் ஒரு நாக்பூர், ஒரு ஹைதராபாத்.

டியூபின் பின்னால் மொமெட்டசோன் என்று இருந்தது, மகள் படித்துச் சொன்னாள். தோல் டாக்டர் அதைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் மேஜை டிராயரைத் திறந்து காட்டினார். அதே மாதிரி பத்துப் பன்னிரண்டு டியூப் கிடந்தது, எல்லாம் நோயாளிகளிடம் வாங்கி வைத்ததாம். படிப்படியாக நிறுத்தச் சொல்லி வேறு ஒரு களிம்பு கொடுத்திருக்கிறார். எரிச்சல் பாதி குறைந்திருக்கிறது.

பின்கழுத்து கறுப்பு எனக்கும் இருந்தது. இருபது வருடமாகச் சட்டைக் காலர் அழுக்கு என்று நினைத்து நார் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை 152. மாத்திரை ஆரம்பித்தாயிற்று. மருந்துச்சீட்டு தங்கச்சிக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. முகத்துக்கு வந்தேன், கழுத்தில் மாட்டினேன்.

(நான் படிக்கிற பாடத்தில் இது இருக்கிறது. என் அப்பா கழுத்திலேயே இருந்தது எனக்குத் தெரியவில்லை. மகள்.)

பெட்ரித்தட்டு தங்கச்சி, சர்க்கரைக்கும் முகத்துக்கும் சம்பந்தம் இருக்கிறதா?


பெட்ரித்தட்டு:

இருக்கிறது அண்ணா. நெதர்லாந்தில் லைடன் ஆய்வில், ரத்தச் சர்க்கரை கூடுதலாக இருந்தவர்களின் முகம் கொஞ்சம் அதிக வயதாக மதிப்பிடப்பட்டது. சர்க்கரை அதிகமானால் அது கொலாஜனில் ஒட்டிக்கொண்டு கயிற்றை விறைப்பாக்கும். ஆனால் நீங்கள் மாத்திரை சாப்பிடுவது கன்னத்துக்காக இல்லை. காலையும் கண்ணையும் வருடத்துக்கு ஒரு தடவை காட்டுங்கள், லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் வேண்டும்.


வலதுபக்க_வெயில்:

சரிங்க. பீடி அரைக் கட்டிலிருந்து நாளுக்கு மூன்று. சத்தியம் செய்ய மாட்டேன், மூன்று என்றுதான் சொல்வேன்.

மண் நிற சன்ஸ்கிரீன் வாங்கினேன். முதல் நாள் பூசிக்கொண்டு டீக்கடையில் இறங்கினால் சக டிரைவர்கள், "என்ன மாமா, கூத்துக் கட்டப் போறீங்களா?" என்கிறார்கள். வேர்வையில் வழிந்து கண்ணுக்குள் இறங்கி எரிந்தது, அதனால் இப்போது புருவத்துக்கு மேலே பூசுவதில்லை, அங்கே துண்டு. கன்னத்துக்கும் கைக்கும் மட்டும். டீக்கு நிறுத்தும் இடத்தில் எல்லாம் மறுபடி ஒரு தடவை.

சம்பந்தம் பேசி முடித்தாயிற்று, தை மாதம் கல்யாணம். தாய்மாமன் இன்னும் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறார், மரியாதையா பயமா தெரியவில்லை.

ஒரு டியூப் எனக்கு இருபது நாள் வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். பன்னிரண்டு நாளில் தீர்ந்துவிட்டது. யார் எடுக்கிறார்கள் என்று பார்த்தால் கிளீனர் பையன், 22 வயது, கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டு இடது கன்னத்தில் பூசிக்கொண்டிருக்கிறான். அவன் பக்கம் ஜன்னல் இடது பக்கம்தானே. இனி இரண்டு டியூபாக வாங்க வேண்டும்.